கலயத்தில் கூழ்... பட்டையில் பதநீர்!

“விளாத்திகுளத்துக்கா? அதுவும் பங்குனி வெயிலிலா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார்.

கேட்டதில் தப்பே இல்லை. அங்கே அருவி இல்லை, மலை இல்லை. வைப்பாறு என்று ஓர் ஆறு இருக்கிறது. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அதில் வெறும் மணல்தான்! ஆனால் என் கணவரின் குலதெய்வம் அந்தப் பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பொங்கல் வைக்காவிட்டால் இவருக்கு மனசு கேட்காது. இந்தத் தடவை எங்களோடு என் அக்கா மகனும் ஒட்டிக்கொண்டான். பெல்ஜியம் நாட்டில் லூவென் என்ற ஊரில் வேலை பார்ப்பவன். ஒரு மாத லீவில் வந்த பிள்ளைக்கு மதுரையில் பொழுது போகவில்லை.

பார்க்க ஒன்றுமில்லாத ஊரில் குடிக்க இரண்டு சங்கதிகள் இருந்தன. அவற்றைக் குடித்துப் பார்த்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கரிசல் வழியே

மதுரையிலிருந்து காலை ரயிலில் கோவில்பட்டி. இறங்கியதும் கடலை மிட்டாய் வாங்காமல் வர முடியுமா? 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த மிட்டாய் ஆயிற்றே! அங்கிருந்து எட்டயபுரம் வழியாக பஸ். பாரதியார் பிறந்த வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

எட்டயபுரம் தாண்டியதும் மண் முழுக் கறுப்பாகிவிடுகிறது. அறுவடை முடிந்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஒரு வெடிப்பில் முழங்கை வரை விடலாம் போலிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் எல்லாம் இந்த மண்ணில் விளையும். பெய்யாவிட்டால் வேலிக்கருவைதான். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டும் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

நாங்கள் போன சமயம் வழியெங்கும் களங்களில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. கறுப்பு மண்ணில் சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி! பஸ்ஸில் பாதிப் பேர் தும்மினார்கள். உள்ளூர்க்காரர்கள் மட்டும் தும்மவில்லை.

விளாத்திகுளம் கடைத்தெருவில் மல்லி மூட்டை ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்கள். என் அக்கா மகன் ஒரு பிடி அள்ளிக் கசக்கி முகர்ந்தான்.

“சித்தி, இந்த வாசனை பெல்ஜியத்தில் ஒரு பீரில் வரும். கோதுமையில் செய்கிற வெள்ளை பீர். அதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள்.”

“ரசத்துக்குப் போடுகிறதை பீருக்குப் போடுகிறார்களா!” என்று நான் வாயைப் பிளந்தேன்.

பீர் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. நானும் சுளித்தவள்தான். மது உடம்புக்கு ஆகாதது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடவே கூடாதது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாட்டில் அதை ருசி பார்க்க ஒரு முறை வைத்திருக்கிறார்களாம். மடமடவென்று குடிப்பதில்லை. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் – நிறம், தெளிவு, நுரை. பிறகு மூக்கு. பிறகு ஒரு மடக்கு வாயில் வைத்து இனிப்பா, புளிப்பா, கசப்பா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விழுங்கிய பிறகு தொண்டையில் என்ன நிற்கிறது என்பது கடைசி. அவர்களுடைய பீர்ப் பண்பாட்டையே 2016-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறதாம்.

“நம் ஊரில் எதை இப்படி ருசி பார்க்கிறோம்? காப்பியைக்கூட ஆற்றி ஊற்றிக்கொண்டு ஓடுகிறோம்” என்றான் பையன். எனக்குச் சுருக்கென்றது.

முதல் மடக்கு: கம்மங்கூழ்

கோவில் காரியம் முடிந்து திரும்பும்போது மணி பதினொன்று. கடைத்தெருவில் ஒரு வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி. பெரிய மண்பானை, அதன் கழுத்தில் ஈரத் துணி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணமாகி முதன்முதலில் இந்த ஊருக்கு வந்தபோது என் மாமியார் ஒரு சொம்பில் கம்மங்கூழ் கொண்டுவந்து நீட்டினார். மதுரையில் டிகிரி காப்பி குடித்து வளர்ந்த மூக்கு எனக்கு. புளிப்பு வாடை வந்ததும், “காப்பி இல்லையா அத்தை?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பை உள்ளே எடுத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை எனக்குக் கூழ் கொடுத்ததே இல்லை. நான் வரும்போதெல்லாம் காப்பிப் பொடி மட்டும் வாங்கி வைத்திருப்பார்.

அந்த ஞாபகத்தோடுதான் வண்டி முன்னால் நின்றேன்.

“என்ன தாயி, யோசிக்கிய? குடிச்சுப் பாருங்க. வெயிலுக்கு வயித்துல பானை வச்ச மாதிரி இருக்கும்” என்றார் கூழ்க்கார அம்மாள்.

பையன் சொன்ன முறைப்படியே பார்த்தேன். நிறம் – சாம்பலில் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. அழகு என்று சொல்ல முடியாது. மணம் – மோர் வாடை, அதற்குக் கீழே நனைந்த தானிய வாடை, சின்ன வெங்காயம். வாயில் வைத்ததும் குளிர்ச்சி. முதலில் உப்பு, பிறகு புளிப்பு. தயிரின் புளிப்பு மாதிரி நாக்கைப் பிடிக்காமல் சுற்றி வருகிற மெல்லிய புளிப்பு. நடுநடுவே கம்பு நொய் பல்லில் அகப்படுகிறது. மெல்ல மெல்ல ஓர் இனிப்பு! விழுங்கிய பிறகு நெஞ்சுவரை ஜில்லென்று இறங்குகிறது.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சீனியவரை வத்தல், உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவிய மாங்காய்க் கீற்று. ஒரு வாய் கூழ், ஒரு கடி மாங்காய். இரண்டாவது சொம்பையும் நான்தான் கேட்டேன். என் கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

“எப்படிம்மா இந்தப் புளிப்பு வருது? தயிரா?” என்றேன்.

“தயிர் எங்க தாயி? ராத்திரி பானையில போட்டு வச்சா விடியிறதுக்குள்ள அதுவா வரும். பானையத் தேச்சுக் கழுவி, சுடுதண்ணியில அலசுவேன். சோப்பு மட்டும் போடமாட்டேன். பானைக்கு அந்த வாசம் இருக்கணும்லா?”

அவர் சொன்னதன் காரணம் விஞ்ஞானத்தில் இருக்கிறது. தயிரைத் தோய்க்கிற அதே வகை நுண்ணுயிர்கள் தானியத்திலும் பானைச் சுவரின் நுண் துளைகளிலும் இருக்கின்றன. இரவு முழுக்க அவை மாவுச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு வருவது அதனால்தான். இது மோரின் புளிப்பே தவிர, போதைப் புளிப்பு அல்ல. 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அந்த இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிக்க வைக்கும்போது பைட்டேட் குறைகிறது. மாங்காயில் உள்ள வைட்டமின் ‘சி’யும் இரும்பு உடம்பில் சேர உதவுகிறது. கூழுக்கு மாங்காயைத் தொட்டுக்கொள்ளச் சொன்ன பாட்டி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு! ஒன்று மட்டும் கவனியுங்கள். கூழ் குடித்த கையோடு டீ, காப்பி குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும்.

பையனுக்கு ஒரே குஷி. பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்று ஒரு புளிப்பு பீர் உண்டாம். தானியக் கஷாயத்தைக் காய்ச்சி, அகலமான தொட்டியில் ஊற்றி, குளிர்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பார்களாம். காற்றில் வருகிற நுண்ணுயிர்களும் மரப் பீப்பாயில் குடியிருக்கிற நுண்ணுயிர்களும் சேர்ந்து அதைப் புளிக்க வைக்குமாம். “அவர்கள் பீப்பாயையும் கட்டடத்தையும் மாற்றப் பயப்படுவார்கள், சித்தி. இந்த அம்மா சோப்புப் போட மாட்டேன் என்கிறாரே, அதே காரணம்தான்” என்றான்.

அவர்களுக்கு அது ஒன்று முதல் மூன்று வருஷ வேலை. நமக்கு ஒரு ராத்திரி. நம் ஊர் வெயிலின் உபயம்!

இரண்டாவது மடக்கு: பதநீர்

அன்றிரவு விளாத்திகுளத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். “வந்ததுதான் வந்தீங்க, வேம்பார்ப் பதனி குடிக்காமப் போகலாமா?” என்று அவர்கள் கிளப்பிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே ஒரு கார் பேசிக்கொண்டு கிளம்பினோம்.

வேம்பார் விளாத்திகுளம் தாலுகாவைச் சேர்ந்த கடற்கரை ஊர். தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. கடல் நெருங்க நெருங்கக் கறுப்பு மண் மறைந்து மணல் வருகிறது. அப்புறம் எங்கு பார்த்தாலும் பனைதான்! வேம்பார்க் கருப்பட்டி என்றால் சுற்று வட்டாரத்தில் தனி மதிப்பு.

பனங்காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம். பனை ஓலை வேய்ந்த ஒரு குடிசை. இதை விடிலி என்கிறார்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை சீசன். அந்த மாதங்களில் பல குடும்பங்களுக்கு இதுதான் வீடும் தொழிற்சாலையும். வாசலில் ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும், பதநீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கக்கா, வாங்க அண்ணாச்சி. இப்பத்தான் எங்க வீட்டு அவுக இறக்கிக் கொண்டாந்தாக. இருங்க, பட்டை பிடிக்கேன்” என்று ஒரு பனங்குருத்தோலையை மடித்து, நுனியை ஒரு நாரால் கட்டிக் கையில் கொடுத்தார். டம்ளரும் கிடையாது, கப்பும் கிடையாது. ஓலைப் பட்டைதான்!

நிறம் – அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் மாதிரி, கொஞ்சம் கலங்கல். மணம் – நுங்கு வாசனை, லேசான சுண்ணாம்பு வாசனை. முதல் மடக்கிலேயே இனிப்பு நாக்கு முழுக்கப் பரவுகிறது. கரும்புச் சாற்றைப் போலத் திகட்டுகிற இனிப்பு இல்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு சின்ன உவர்ப்பு வந்து அந்த இனிப்பை அளவோடு நிறுத்திவிடுகிறது. விழுங்கிய பிறகு பச்சை ஓலையின் வாசம் மட்டும் தொண்டையில் நிற்கிறது. இதையே டம்ளரில் குடித்தால் பாதி ருசி போய்விடும் என்று தோன்றியது. இரண்டாம் பட்டையில் நுங்கைக் கீறிப் போட்டுக் கொடுத்தார். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

சுண்ணாம்பு என்ற காவல்காரன்

பனையின் பாளையைக் கடிப்பால் நசுக்கி இதமாக்கி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவிவிடுவார்கள். சொட்டுச் சொட்டாக வடியும் சாறு, கட்டிவிட்ட கலயத்தில் சேரும். அந்தச் சாற்றில் சர்க்கரை நிறைய. காற்றில் இருக்கிற ஈஸ்ட் அதைத் தேடி ஓடி வரும். கலயத்தைச் சும்மா கட்டினால் சில மணி நேரத்திலேயே சர்க்கரை சாராயச் சத்தாக மாறத் தொடங்கும். அதுதான் கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் ஈஸ்ட்டின் வேலை தடைபடும். அது பதநீர். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்று. நடுவில் நிற்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்! தமிழ்நாட்டில் 1987-ஆம் வருஷத்திலிருந்து கள் இறக்கத் தடை இருக்கிறது. ஆகவே இங்கே சுண்ணாம்பு தடவாமல் கலயம் கட்டுவதில்லை.

“கலயம் கழுவுறதும், வெயில்ல காய வைக்கிறதும், சுண்ணாம்பு தடவுறதும் யாரு? நாந்தான்” என்றார் அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே.

நேற்றுப் பார்த்த அம்மாள் ராத்திரி முழுக்கப் புளிக்க விடுகிறார். இவர் ராத்திரி முழுக்கப் புளிக்காமல் காக்கிறார். இரண்டும் பெண்ணின் கைதான் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுப்படியில் ஒரு வாழ்க்கை

மரமேறுகிறவரை எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார், ஒரு நாளைக்கு முப்பது மரம்; அதுவும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை! தவறி விழுந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ஆனால் கீழே அடுப்படியில் நிற்பவளைப் பற்றி யாராவது பேசியிருக்கிறோமா?

இறக்கிய பதநீரை உடனே காய்ச்சியாக வேண்டும். தாமதித்தால் சுண்ணாம்பையும் மீறிப் புளித்துவிடும். அப்புறம் கருப்பட்டி இறுகாது. பெரிய வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் வைத்து எரிக்கிறார்கள். முதலில் வெள்ளை நுரை. அது பொங்கி வழியாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மஞ்சள், அப்புறம் செம்பழுப்பு. கடைசியில் குமிழி பெரிசு பெரிசாக ‘பொளக், பொளக்’ என்று வெடிக்கும். அந்தப் பாகுப் பதத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார். உருண்டால் இறக்க வேண்டியதுதான். ஒரு நிமிஷம் தப்பினாலும் தீய்ந்துவிடும். இறக்கிக் கிண்டி, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றுகிறார். மூன்று, நான்கு மணி நேர வேலை. எட்டுப் பத்து லிட்டர் பதநீர் சுண்டி ஒரு கிலோவைச் சுற்றித்தான் கருப்பட்டி தேறுகிறது.

வெளியே பங்குனி வெயில், உள்ளே அடுப்பு. விடிலி முழுக்கப் புகை. ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கண் கரித்து வெளியே ஓடி வந்துவிட்டேன். அவர் இருபத்தேழு வருஷமாக நிற்கிறாராம். பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தார். அடுப்புப் புகை நெஞ்சுக்கு எவ்வளவு கெடுதல் என்பது நம் பத்திரிகை வாசகிகளுக்குப் புதிதல்ல.

“ரெண்டு பக்கமும் திறந்த மாதிரி விடிலி போடக் கூடாதா?” என்றேன்.

“காத்து அடிச்சா தீ ஒரு பக்கமா எரியும்க்கா. போன வருஷம் தகரக் குழாய் வச்சுப் புகைய மேல விட்டோம். இப்பம் இதுவே தேவல.”

சூடான பாகில் கொஞ்சம் எடுத்து ஓலைத் துண்டில் தடவிக் கொடுத்தார். அடடா! புகை மணம், லேசான கசப்பு, மண் வாசனை மாதிரி ஒன்று, அதன் மேல் ஆழமான இனிப்பு. கடைக் கருப்பட்டியில் இந்தக் கசப்பை நான் கண்டதில்லை.

“கடையில சீனி கலந்து காய்ச்சுறாகக்கா. மலிவா விக்கலாம், பார்க்கவும் பளிச்சுன்னு இருக்கும். கலக்காத எங்க கருப்பட்டியப் பார்த்து, ‘ஏன் இம்புட்டுக் கறுப்பா இருக்கு, ஏன் இம்புட்டு விலை’ன்னு கேக்காக. என்னத்தச் சொல்ல?”

அவருக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி தூத்துக்குடியில் நர்ஸ் படிப்பு, இன்னொருத்தி பத்தாம் வகுப்பு. “இந்தப் புகைக்குள்ள அவளுக வரவே கூடாது. எங்க வீட்டுல நாந்தான் கடைசி” என்றார். வருத்தமா, சந்தோஷமா என்று அந்தக் குரலில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு தாயாக அவர் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். “தொழில் அழியக் கூடாது, உங்கள் மகளும் காய்ச்சட்டும்” என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

பால்காரர் கதை

அப்போதுதான் பையன் முந்தின நாள் சொன்ன வெள்ளை பீரின் கதையைச் சொன்னான்.

பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் கோதுமையும் கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் போட்ட அந்த வெள்ளை பீருக்குப் பேர் போனது. அப்புறம் வேறு பீர்கள் மலிவாக வந்தன. ஒவ்வொரு ஆலையாக மூடி, 1957-ல் கடைசி ஆலையும் நின்றுவிட்டது. அந்த ஊர்ப் பால்காரர் ஒருவர், பெயர் பியேர் செலிஸ், இளவயதில் ஊர் ஆலையில் ஒத்தாசை செய்தவர். அவருடைய நாக்கு மட்டும் அந்த ருசியை மறக்கவில்லை. 1966-ல் தானே மறுபடி செய்ய ஆரம்பித்தார். இன்றைக்கு அந்த ஊர்ப் பெயரிலேயே அந்த பீர் உலகம் முழுக்கப் போகிறது.

“ஒரே ஓர் ஆளுக்கு ருசி ஞாபகம் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது” என்று முடித்தான்.

அந்தப் பெண்மணி கிண்டுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அந்தப் பால்காரருக்கு நாக்கு மறக்கல, தம்பி. நம்ம பிள்ளைகளுக்கு மறக்கதுக்கே ஒண்ணும் இல்லையே. ருசியே தெரியாதே!”

என் மாமியார் உள்ளே எடுத்துப் போன சொம்பு எனக்கு ஞாபகம் வந்தது. என் மகளுக்குக் கூழ் தெரியாது. ஏனென்றால் எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் அந்த ருசி அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான்.

டப்பென்று ஒரு சத்தம்!

ஐந்து கிலோ கருப்பட்டி வாங்கினோம். அந்தப் பனங்காட்டிலும் போனைக் காட்டிப் பணம் அனுப்ப ஓர் அட்டை தொங்கியது! மகளுக்காக இரண்டு லிட்டர் பதநீரும் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கிக்கொண்டேன்.

“மத்தியானத்துக்குள்ள குடிச்சிரணும்க்கா. மூடிய இறுக்கித் திருகாதீக” என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். சிந்திவிடுமே என்று நான் நன்றாக இறுக்கித் திருகினேன். எட்டயபுரத்தில் சாப்பாடு, அப்புறம் ஒரு குட்டித் தூக்கம். மூன்று மணிக்குக் காரில் ஏறி உட்கார்ந்தால் காலடியில் ‘டப்!’ மூடி தெறித்து, நுரை பொங்கி, என் புடவையெல்லாம் பதநீர். முகர்ந்தால் குப்பென்று புளித்த வாடை.

“சித்தி! பெல்ஜியம் வந்துவிட்டது!” என்று சிரித்தான் பையன். டிரைவர் ஜன்னலை இறக்கிவிட்டார். மிச்சத்தை ரோட்டோரம் கொட்டினோம். நாள் கடந்த பதநீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வீட்டுக்கு வந்த பிறகு

கூழ்க்கார அம்மாளிடம் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். இதோ:

ஒரு டம்ளர் கம்பைக் கழுவி வடித்து, பத்து நிமிஷம் ஈரத்தோடு வைத்து, மிக்ஸியில் ஓட்டு ஓட்டென்று இரண்டு சுற்றுச் சுற்றிப் புடைத்தால் உமி போய்விடும். பிறகு ரவை மாதிரி உடைத்துக்கொள்ளுங்கள். நான்கு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் உப்பும் ரவையும் போட்டு, சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் கட்டியில்லாமல் கிண்டுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, நன்றாக ஆறியதும் உருண்டைகளாக உருட்டுங்கள். மண்பானையில் போட்டு, மூழ்கும்வரை கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, மூடி வைக்கவும். கோடையில் எட்டு மணி நேரம் போதும். காலையில் அதே தண்ணீரில் கரைத்து, மோரும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்தால் கூழ் தயார். புளிப்பு வாடை வரலாம். அழுகல் வாடையோ பூசணமோ கண்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு முதலில் இரண்டு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். தைராய்டு தொல்லை உள்ளவர்கள் தினமும் கம்பு சாப்பிடுவதானால் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கருப்பட்டி வாங்கும்போது பளபளப்பையும் மலிவையும் பார்த்து மயங்காதீர்கள். உடைத்த இடத்தில் சீனிப் பரல் மாதிரி மினுமினுத்தால் சந்தேகப்படுங்கள். நல்லது மங்கிய பழுப்பாக இருக்கும். நாக்கில் லேசான உவர்ப்பு தெரியும். தண்ணீரில் கரைத்து வடிகட்டியே உபயோகியுங்கள். ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். “பனைதானே, ஒன்றும் செய்யாது” என்று நீரிழிவுக்காரர்கள் ஏமாந்துவிட வேண்டாம்.

ஊர் திரும்பிய மறு ஞாயிற்றுக்கிழமை மகளும் பேத்தியும் வந்தார்கள். காலையில் கூழ் கரைத்து வைத்திருந்தேன். மகள் முகர்ந்துவிட்டு, “காப்பி இல்லையாம்மா?” என்றாள்! என்னையே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

“இருக்கிறது. முதலில் இதை ஒரு வாய் குடி” என்றேன். சொம்பை நான் உள்ளே எடுத்துக்கொண்டு போகவில்லை.

அவள் அரை மனசோடு அரை டம்ளர் குடித்தாள். நாலு வயதுப் பேத்தி ஒரு வாய் குடித்துக் கண்ணை இறுக மூடி, தோளைக் குலுக்கினாள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மாங்காய்க் கீற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பாட்டி, அந்தப் புளிப்புப் பால் இன்னும் இருக்கா?”